பதினொரு வண்டியில் ஒரு வண்டி

வெள்ளாங்கரட்டில் முதல் அடி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. ரொட்டி விற்கிற துரைப்பழம் கிழக்கே சர்ச் தெருவுக்குப் போக ஹேண்டில்பாரை ஒடித்தார், அது மேற்கே திரும்பியது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. பிரேக்கைப் பிடித்தார், பிடிக்கவில்லை. குதித்துவிடலாமென்றால் பெடலில் வைத்த கால் பெடலோடு சேர்ந்து சுற்றுகிறதே தவிர எடுக்க வரவில்லை. அதே நேரத்தில் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரின் சைக்கிள் ஆபீஸ் அறை வாசலிலிருந்து அவரையும் ஏற்றிக்கொண்டு மேற்கே திரும்பியது, தையல்காரருடையது திரும்பியது, பம்ப் ஆபரேட்டருடையது திரும்பியது. இப்படிப் பதினொரு சைக்கிள் பதினொரு தெருவிலிருந்து வந்து சந்தை முக்கில் ஒன்றுசேர்ந்து, வரிசை பிடித்து, கொம்பையா வீட்டு இரும்புக் கேட்டைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போய், சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கொம்பையாவின் வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கின. எலும்பு முறிந்த சத்தம் தெருவில் கேட்டது. அதன்பிறகு வண்டிகள் நின்றன, கால்கள் பெடலை விட்டு வந்தன.

"தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி, வண்டி சொன்ன பேச்சு கேக்கலை" என்றார் துரைப்பழம். சிதறிய ரொட்டிகளைப் பொறுக்கித் தட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிழக்கே போனார்.

ஏன் என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கொம்பையாவுக்கு ஆறு லாரி ஓடியது, ஆறும் ஆற்று மணலை அள்ளிக்கொண்டு ஓடியது. பால்காரன் சம்மனசு மூன்று நாள் தன் சைக்கிளை லாரிப் பாதையில் குறுக்கே போட்டு, அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டான். நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை, சந்தை நாள். இருநூறு பேர் நிற்கிற சந்தை முக்கில் கொம்பையா லாரியை விட்டு இறங்கி, பாலோடு வந்த சம்மனசை மறித்து, சைக்கிளை மிதித்துச் சாய்த்து, செயினை அறுத்து உருவி, கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு மிச்சத்தால் அடித்தான். செயின் அடி கம்பு அடி மாதிரி இல்லை. விழும்போது தோலைப் பிடிக்கும், எடுக்கும்போது பிடித்ததைக் கொண்டு வரும். சம்மனசு பத்தாவது அடிவரை கையைத் தூக்கினான், இருபதாவது அடிவரை மாதாவைக் கூப்பிட்டான், முப்பதுவரை ஒன்றும் சொல்லவில்லை. கேன் கவிழ்ந்து ஓடிய பாலை நாய்கள் நக்கின. அடி முடிகிற வரைக்கும் கிட்டே வந்தது அந்த நாய்கள்தான்.

சம்மனசு எப்படிச் செத்தான் என்று போலீஸ் கேட்டபோது இருநூறு பேரும் அந்நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரைப்பழம் குனிந்து செருப்பு வாரைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாராம். தலைமையாசிரியருக்குக் கண்ணில் தூசியாம். அடித்த ஆயுதமும் கிடைக்கவில்லை. கேஸ் நிற்கவில்லை.

ஆயுதம் தவசிக்கண்ணுவிடம் இருந்தது. தவசிக்கண்ணு கொம்பையாவின் கூடப்பிறந்த அண்ணன், ஊரில் இருக்கிற ஒரே சைக்கிள் கடைக்காரர். அன்று மத்தியானம் கொம்பையா ஒரு சாக்குத் துண்டில் சுருட்டிக் கொண்டுவந்து, "அண்ணே, இதக் கல்குவாரித் தண்ணிக்குள்ள எறிஞ்சிரு" என்றான். சரி என்றார். குவாரிவரைக்கும் போகவும் செய்தார். விளிம்பில் நின்று சாக்கைப் பிரித்துப் பார்த்தார். அங்கேதான் தப்பு நடந்தது. பழைய காலத்துச் செயின். கணுவுக்குக் கணு கெட்டி, ஒரு பின் தேயவில்லை, கொம்பையா அறுத்த இடத்தில் ஒரே ஒரு கணுதான் போயிருந்தது. இப்படி ஒன்று எந்த ஊர்க் கடையில் கேட்டாலும் இப்போது கிடையாது. வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எறிந்திருப்பார்கள். நாற்பது வருஷம் பழைய வண்டிக்குப் பாகம் தேடி அலைந்த கைக்கு அது வராது. திரும்பி வந்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். மூன்று தரம் மாற்றினார். முதல் தரம் மண்ணெண்ணெய் ரத்தச் சிவப்பில் வந்தது, இரண்டாம் தரம் டீத்தண்ணி நிறத்தில் வந்தது, மூன்றாம் தரம் தெளிந்தது. ஒரு கணுவைச் சேர்த்து எண்ணெய் விட்டுத் தன் வண்டியிலேயே மாட்டிக்கொண்டார். தம்பியிடம் "எறிஞ்சாச்சு" என்றார். எட்டு வருஷமாக அதில்தான் மிதிக்கிறார்.

சம்மனசின் சைக்கிள் அந்த எட்டு வருஷமும் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் கேஸ் சொத்து என்று வெயிலிலும் மழையிலும் கிடந்துவிட்டு, கடைசியில் ஏலத்துக்கு வந்தது. தவசிக்கண்ணுதான் எடுத்தார். வேறு யார் எடுப்பார்? வெள்ளாங்கரட்டில் ஓடுகிற சைக்கிளெல்லாம் மாமனும் பெரியப்பனும் ஓட்டிக் கைமாறியவை. அந்த மாடலைக் கம்பெனிக்காரன் எப்போதோ நிறுத்திவிட்டான். அதனால் ஒரு வண்டி படுத்தால் அதைப் பிரித்துப் பத்து வண்டியை நிமிர்த்துவது அங்கே வழக்கம். ஹேண்டில்பார் துரைப்பழத்துக்குப் போனது, முன்சக்கரத்தைப் பிடிக்கிற போர்க் தலைமையாசிரியருக்கு, பின் ரிம் தையல்காரருக்கு, பெடல் மாட்டுகிற கிராங்க் பம்ப் ஆபரேட்டருக்கு. இப்படி ஒரு வண்டி பதினொரு வண்டிக்குள் போய்ச் சேர்ந்தது. கடைசிப் பாகத்தை அவர் மாட்டி முடித்தது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம்.

மறுநாள்தான் மேலே சொன்ன செவ்வாய்.

அடுத்த செவ்வாயும் அதே பத்தரைக்கு அதே பதினொன்றும் போயின. கொம்பையாவின் இடது கை போயிற்று. அதற்கடுத்த வாரம் மூன்று விலா. அவன் அறைக்குள் பூட்டிக்கொண்டான், கதவைப் பிளந்தன. கோவில்பட்டிக்குப் போய் ஒரு லாட்ஜில் மாடியறை எடுத்தான். அன்றைக்கு வண்டிகள் காலை ஏழு மணிக்கே கிளம்பி, முப்பது கிலோமீட்டர் மிதித்து, லாட்ஜ் மாடிப்படி பதினேழையும் ஏறி அவன் தாடையை உடைத்துவிட்டு இறங்கின. திரும்பி வர ஆட்களுக்குப் பொழுது சாய்ந்துவிட்டது, தொடை வலி இரண்டு நாள் இருந்தது. அதற்கும் கொம்பையாவைத்தான் திட்டினார்கள். "உள்ளூர்ல கிடந்தா என்னவே இவனுக்கு?"

ஊர் மெள்ள மெள்ளச் செவ்வாய்க்கிழமைக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பத்தரை மணிப் பாடம் விளையாட்டுப் பீரியடாயிற்று. பத்தேகால் பஸ்ஸைச் சந்தை முக்கில் நிறுத்திவைக்க எஸ்.ஐ. ஒரு கான்ஸ்டபிளைப் போட்டார். முதல் வாரம் பதினொரு பேர் மேலும் தனித்தனியாக வாகன விபத்து என்று எழுதியவர், பிறகு மொத்தமாக ஒன்று எழுதினார், பிறகு போன வாரத்தைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றி எழுதினார். கொம்பையா வீட்டுக்கு எதிரே ஒரு சர்பத் கடை முளைத்தது. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் செவ்வாய்க்கிழமை பார்த்துப் பிறந்த வீட்டுக்கு வந்தார்கள். பதினொரு வீட்டுப் பெண்களும் அன்று காலை வண்டிக்குப் பொட்டு வைத்தார்கள், திரும்பி வந்ததும் சக்கரத்தைக் குழாயடியில் கழுவிவிட்டார்கள். ரத்தம் ஸ்போக்ஸில் காய்ந்துவிட்டால் துருப்பிடிக்கும் என்று தவசிக்கண்ணுதான் ஒருநாள் வாய்தவறிச் சொன்னார். அதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அவருடைய வண்டி மட்டும் செவ்வாய்க்கிழமை ஓடாது. காலையிலிருந்து இருட்டுகிற வரைக்கும் பெடல் இம்மி அசையாது. அன்றைக்கு அவர் நடந்துதான் கடைக்குப் போனார், நடந்துதான் தம்பி வீட்டுக்கும் போனார்.

கொம்பையா கட்டிலில் கிடந்தான். உடைந்த தாடையை டாக்டர் கம்பி வைத்துக் கட்டியிருந்தார், பல்லிடுக்கு வழியாகத்தான் பேச்சு வந்தது.

"அண்ணே, எல்லாத்தையும் கழட்டிரு."

"கழட்டுனா அவங்க வண்டி படுத்துரும். வேற பாகத்துக்கு எங்கலே போக?"

"ஊர் ஊராப் போ. நான் செத்துருவேன்ணே."

"முப்பது அடி அடிக்கும்போது தெரியலையோ?"

கொம்பையா அழுதான். கட்டு நனைந்தது. தவசிக்கண்ணு மறுநாள் சாக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஒரு மாசம் அலைந்தார். மதுரைப் பழைய இரும்புக் கடைகளில் மலைமாதிரிக் குவியலைக் கையால் தள்ளித் தள்ளித் தேடினார். இல்லை என்பதையே எல்லாரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். கிடைத்ததெல்லாம் கடைகளுக்கு வெளியே. ஒரு ஊரில் போர்க் ஒரு தோட்டத்துப் படலுக்குத் தாழ்ப்பாளாக நின்றது, கெஞ்சி வாங்கினார். கடற்கரையில் ஒரு ரிம், மீன் காயப்போடுகிற வலையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தது. கிராங்க் ஒன்று கிணற்று ராட்டுக்குக் கைப்பிடியாக இருந்தது, அந்த வீட்டுக்காரி "நான் எதைப் பிடிச்சுத் தண்ணி இறைக்க?" என்று கேட்டாள், அவர் அரை நாள் உட்கார்ந்து வேறு கைப்பிடி செய்து மாட்டிக் கொடுத்துவிட்டுக் கழற்றி வந்தார். பதினொரு வண்டிக்கும் பதினொரு பாகம் சேர்ந்தன. அந்த ஒரு மாசத்துக்குள் கொம்பையாவின் மற்றக் காலும் ஒரு கண்ணும் போயிருந்தன. இன்னொரு அடி நெஞ்சில் விழுந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தவசிக்கண்ணு சாக்கோடு முதலில் துரைப்பழம் வீட்டுக்குப் போனார்.

"ஹேண்டில்பார் மாத்தணும். கொண்டாந்திருக்கேன்."

"எதுக்கு? நல்லாத்தான இருக்கு."

"எதுக்குன்னு ஒமக்குத் தெரியாது, என்ன?"

"அண்ணாச்சி, ஓட்டம் பழகிப்போச்சு. மாத்துனா கை வலிக்கும்." துரைப்பழம் சிரித்தார்.

குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்த தவசிக்கண்ணு அப்படியே நின்றார். அச்சு நட்டு இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்குக் கூரான இரும்பு முறுக்கியிருந்தது. கொல்லன் பட்டறை வேலை, புது வேலை.

"இது என்னவே?"

"அலங்காரத்துக்கு."

"வண்டிதான அடிக்குது? நீரு என்னத்துக்குக் கூர் வைக்கீரு?"

"வண்டிதான் அண்ணாச்சி அடிக்குது. நான் என்ன பண்ண, காலை எடுக்க முடியலையே" என்று சொல்லிவிட்டு துரைப்பழம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தலைமையாசிரியர் நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொன்னார். "நானா போறேன்? என் பேர்ல ஒரு குத்தமும் கிடையாது, பாத்துக்கிடுங்க. எட்டு வருஷமா எனக்குத் தூக்கம் வரலை. இப்போ வருது. அதக் கழட்டச் சொல்லுதீய." அவருடைய வண்டியிலும் கூர் இருந்தது. பம்ப் ஆபரேட்டர் ஸ்பானரைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். பதினொரு வீடும் ஏறி இறங்கி, கொண்டுபோன சாக்கை அப்படியே தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினால், கடை வாசலில் மிக்கேலம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

மிக்கேலம்மாள் சம்மனசின் பெண்டாட்டி. கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்து ஏழு ஊர் நடக்கிறவள். முதல் செவ்வாய் கழிந்ததிலிருந்து ஊர்க்காரர்கள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து சர்பத் கடை முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஐஸ் போட்ட சர்பத் கொடுத்து, நல்லாப் பாரு தாயி என்றார்கள். மூன்று வாரம் உட்கார்ந்தாள். அப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் தூரத்து ஊர்களுக்கு வியாபாரத்துக்குப் போய்விட்டாள்.

"அண்ணாச்சி, ஒரு கணக்குத் தெரியணும்" என்றாள். "அந்த வண்டியோட எல்லாம் யார் யாருக்கோ போச்சு. செயின் யாருக்குப் போச்சு?"

"ஏலத்துல செயின் வரலை."

"வராதுன்னு எனக்குத் தெரியும். எங்கன்னு கேக்கேன்."

அவள் எழுந்து, சுவரில் சாய்த்திருந்த அவர் வண்டியிடம் போய் ஒற்றை விரலால் செயினைத் தொட்டாள். மை விரலில் ஒட்டியது.

"செவ்வாய்க்கிழமை எல்லா வண்டியும் ஓடுது, இது மட்டும் நிக்குது. கண்ணு இருக்கவளுக்குத் தெரியாதா?"

"ஒம் புருஷனுக்காகத்தானம்மா ஊரே திரண்டு..."

"எம் புருஷனுக்காகவா?" அவள் சத்தம் உயரவில்லை. "அவரைப் போட்டு அடிச்ச அன்னைக்கு ஒருத்தராவது வாயத் தொறந்தாகளா? இப்போ மட்டும் சைக்கிள விட்டு அடிக்காக. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாகளா? ஒங்க தம்பி எலும்ப வச்சு நான் கருவாடா போட? அவன் கொன்னான்னு ஒரு ஆள் சொல்லணும். நாலு பேரு முன்னால. எனக்கு அது போதும்."

"சொன்னா வண்டி நிக்குமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் சைக்கிள் கடையா வச்சிருக்கேன்?"

கூடையைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குத் திங்கள்.

செவ்வாய் காலை தவசிக்கண்ணு செயினைக் கழற்றினார். எட்டு வருஷம் அவர் பாரத்தை இழுத்தும் தேயவில்லை, அவ்வளவு நல்ல செயின். கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்து போய், உள்ளே தம்பி முனகிக்கொண்டு கிடக்க, வெளியே கேட் இருந்த இடத்தில் நின்றார். சர்பத் கடையில் கூட்டம் நிறைந்திருந்தது. பெண்கள் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மிக்கேலம்மாளும் அன்று வியாபாரத்துக்குப் போகாமல் கூடையோடு ஓரமாக நின்றாள். பத்தரைக்குப் பதினொரு வண்டியும் திரும்பின. வெயிலில் கூர் மின்ன, பெல் அடிக்காமல், யாரும் வாயைத் திறக்காமல், ஒரே ஆள் மிதிக்கிற மாதிரி இருபத்திரண்டு கால்களும் ஒரே சுற்றாகச் சுற்ற, நேராக அவரைப் பார்த்து வந்தன. அவர் நகரவில்லை. செயினைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"இதாம்லே அது! சம்மனசை அடிச்ச செயின். அடிச்சது என் தம்பி கொம்பையா. ஒளிச்சது நான். ஸ்டேஷன்ல வந்து சொல்லுதேன், கோர்ட்ல சொல்லுதேன், எங்க வேணும்னாலும் சொல்லுதேன்."

வண்டிகள் நின்றன.

அவர் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் முன்சக்கரங்கள் நின்றன. பதினொரு பேரின் கால்களும் பெடலைவிட்டு ஒரே நேரத்தில் வந்து தரையில் ஊன்றின. முடிந்தது, தம்பி பிழைத்தான் என்று தவசிக்கண்ணு நினைத்தார். அவர் நினைத்தது ஒரு நிமிஷம் இருக்கும்.

துரைப்பழம் இறங்கினார். ரொட்டிப் பெட்டி சரியாதபடி பார்த்து ஸ்டாண்டு போட்டார், பின்சக்கரத்தைப் பூட்டினார், சாவியை மடியில் முடிந்துகொண்டார். தலைமையாசிரியர் இறங்கி ஸ்டாண்டு போட்டுப் பூட்டினார். தையல்காரர் பூட்டினார். பம்ப் ஆபரேட்டர் பூட்டினார். பதினொரு பூட்டுச் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு முடிந்தபின், அவர்கள் நடந்து வந்தார்கள்.

"வண்டிதான் நின்னுட்டுல்லா!" என்று கத்தினார் தவசிக்கண்ணு. "இன்னும் எங்கவே வாறிய?"

துரைப்பழம் அவர் கையிலிருந்த செயினைப் பிடித்து இழுத்தார். விடவில்லை. யாரோ முழங்கையால் அவர் தாடையில் இடித்தார்கள். உள்ளே ஏதோ இரண்டாகப் பிரிந்தது, விழுந்தார். செயின் கைமாறியது. கீழே கிடந்தபடி அவர் பார்த்ததெல்லாம் கால்கள். செருப்புக் கால்கள், தலைமையாசிரியரின் பாலிஷ் போட்ட ஷூ, எல்லாம் அவரைத் தாண்டி வாசற்படி ஏறின. உள்ளே கொம்பையா "அண்ணே" என்று ஒருதரம் கூப்பிட்டான். அப்புறம் செயின் பேசியது. அதற்குக் கணக்கெல்லாம் கிடையாது. ஒருத்தர் கை ஓய்ந்தால் இன்னொருத்தர் வாங்கினார். சர்பத் கடையில் இருந்தவர்கள் இந்தத் தடவை வேறு பக்கம் பார்க்கவில்லை, ஜன்னலுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து பதினொரு பேரும் வெளியே வந்து குழாயில் கையைக் கழுவி, சட்டையை உதறி, பூட்டைத் திறந்தார்கள். வண்டிகள் எப்போதும்போல நல்ல ஓட்டமாக ஓடின.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. நோட்டைப் பிரித்துத் தேதியைப் போட்டுவிட்டுத் தலையைத் தூக்கினார். "வாகன விபத்துதான?"

"வண்டிதான் சார்" என்றார் துரைப்பழம். "ஒங்களுக்குத் தெரியாததா?" மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். பேனா நோட்டில் இறங்கியது.

அப்போது தவசிக்கண்ணு வந்தார். மிக்கேலம்மாள் தன் முந்தானையைக் கிழித்து அவர் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டி, தோளைக் கொடுத்துக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தாள். அவர் ஏதோ சொன்னார். ரத்தமும் எச்சிலும்தான் வந்தன, வார்த்தை உருவாகவில்லை.

"என்னய்யா முனகுதீரு? ஒண்ணும் வெளங்கலை. ஆஸ்பத்திரிக்குப் போம்" என்றார் எஸ்.ஐ.

மிக்கேலம்மாள் அவர் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தாள். அவர் திரும்பவும் சொன்னார். அவள் நிமிர்ந்து, கருவாடு விற்கிற தொண்டையில், ஸ்டேஷனுக்கு வெளியே ரோட்டிலும் கேட்கும்படி சொன்னாள்.

"சம்மனசைச் செயினால அடிச்சுக் கொன்னது கொம்பையா."

குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"அந்தச் செயினை ஒளிச்சது தவசிக்கண்ணு."

அவள் இன்னொரு தரம் குனிந்து, இந்தத் தடவை கொஞ்சம் நேரம் எடுத்துக் கேட்டாள். எட்டு வருஷமாகப் பெயர்கூடச் சொல்லாத, தன் புருஷனைக் கொன்ற ஒருத்தனுக்காக இப்போது அவள் பேசவேண்டியிருந்தது. கண்ணை மூடித் திறந்தாள்.

"இன்னைக்குக் கொம்பையாவை அதே செயினால அடிச்சுக் கொன்னதுல மொத ஆளு, ரொட்டிக்காரர் துரைப்பழம்."

எஸ்.ஐ. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். மிக்கேலம்மாள் போய் அதை எடுத்து, மூடியைத் திறந்து, அவர் விரலுக்கிடையில் வைத்தாள்.

"எழுதுங்க சார்" என்றாள். "இன்னும் பத்துப் பேரு இருக்கு."